லாபம், ரெண்டு, மூணு...

போடிநாயக்கனூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏலக்காய் வாசனையும் குளிர்காற்றும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சென்னையிலிருந்து வந்த என் தங்கை மகள், பையில் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வந்து, மே மாத வெயிலில் நாலு நாளும் ஃபேனுக்கு அடியிலேயே கிடந்துவிட்டுப் போனாள். வாசனை உண்மைதான். ஏலக்காய் குடோன் இருக்கிற தெருவில் நுழைந்தாலே மூக்கில் ஏறும். குளிர்ச்சி மட்டும் மேலே இருக்கிறது. முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுக்குப் போய் நின்றால்தான் அது கிடைக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பது கணக்கு. தென்மேற்குப் பருவமழையை மலை அந்தப் பக்கமே வாங்கி வைத்துக்கொள்கிறது. அடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு ஆனி, ஆடியில் ஆளைத் தள்ளுகிற காற்றும் முகத்தில் தெளித்த மாதிரி சாரலும்தான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் அந்தக் குளிர்ச்சியில் 36 வருடம் இருந்தவர். சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஏலச்செடிக்கு நேர் வெயில் ஆகாது. பெரிய மரங்களின் நிழலில், ஈரச் சருகுக்கு நடுவில்தான் அது வளரும். அதனால் தோட்டத்துக்காரர்களுக்கும் வெயில் என்றால் என்னவென்றே மறந்துபோகும். சனிக்கிழமை இறங்கி வருவார், திங்கட்கிழமை விடியும் முன் ஜீப் ஏறிவிடுவார். காய் எடுப்பு சமயத்தில் அதுவும் கிடையாது. நான் கீழே ஒரு குடோனில் காய் பொறுக்கிக்கொண்டு, பிள்ளையை வளர்த்துக்கொண்டு இருந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி 34 வருடம் ஆனபோது, சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் பத்து வருடம் தேறியிருக்காது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசியில், காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஜீப்பில் படுக்க வைத்து அத்தனை வளைவும் இறக்கி, க.விலக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையின் இடதுபக்கம் அடைப்பு. அதனால் வலது கையும் காலும் போனதோடு பேச்சும் போனது. நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. பதிலுக்கு வாய் திறந்தால் வார்த்தை வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதற்குக் கூட என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐம்பது பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷன்.

கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பிசியோதெரபி செய்த பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அம்மா, ஏத்தம் இறக்கம் வேணாம். சமதளம், நல்ல ரோடு, தினமும் காலையில. செருப்பு வேணாம், பின்னாடி பெல்ட் வச்சதாப் போடுங்க." சரிவிலேயே வாழ்ந்த காலுக்குச் சமதளம் தேடும்படி ஆயிற்று.

சமதளம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ரயில் நிலையத்துப் பக்கம் போகிற தார் ரோடு. ரயில் போடியோடு நின்றுவிடுவதற்குக் காரணமே இதற்கு மேல் மலை என்பதுதான். அதனால் தண்டவாளம் வருகிற அந்தப் பக்கம் மட்டும் பலகை மாதிரி இருக்கும். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மதுரை ரயிலை நிறுத்தினார்கள். திரும்ப வர 2023 ஜூன் ஆகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வருடமும் அந்தப் பக்கம் ஆடு மேய்ந்தது. இப்போது ரோடு நன்றாக இருக்கிறது. நிழல்தான் இல்லை. ஒரே ஒரு புங்கை மரம். மற்றபடி ரோடு முழுக்கக் கரண்ட் கம்பங்கள், ஐம்பது மீட்டருக்கு ஒன்று.

ரோடு இருந்தால் போதுமா? அவர் கிளம்பவில்லை. தெருவில் நாலு பேர் பார்க்க, காலை இழுத்துக்கொண்டு நடக்க அவருக்கு மனசில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், மகன் போனில் அழுதான். மாடிப்படிக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் கருவா வந்து சேர்ந்தது.

கருவா தோட்டத்து நாய். கோம்பை ஜாதி. செம்பட்டை உடம்பு, மூக்கும் வாயும் மட்டும் கரியைப் பூசிய மாதிரி இருக்கும். கருவாயன் என்று வைத்த பெயர்தான் தேய்ந்து கருவா ஆனது. ஏலத்தோட்டம் என்பதால் கருவாப்பட்டையை நினைத்து வைத்த பெயர் என்று கேட்பவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள், நானும் திருத்துவதில்லை. அவர் மலையிலிருந்து இறங்கி நாற்பது நாள் ஆகியும் அது சரியாகச் சாப்பிடவில்லையாம். காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் படுத்துக்கொண்டு ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வருமாம். பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் தோட்டத்து டிரைவர் ஒருநாள் அதைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

"மதினி, ரெண்டு நாள் வச்சிருங்க, அண்ணனைப் பாத்துட்டா சரியாயிரும். பெறகு கொண்டுபோயிர்றேன்" என்றார். பெறகு என்பது இன்னும் வரவில்லை.

எனக்கு நாய் பிடிக்காது. இருக்கிற வேலை போதாதென்று இது வேறா என்று இருந்தது. ஆனால் அதுவும் மலையில் வளர்ந்த பிராணி, வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகாது. காலையில் கதவைப் பிராண்டும். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் வாசலைத் தாண்டாது. திரும்பி அவரையே பார்க்கும். அடக்கிக்கொண்டு நிற்கும், தெரியுமா? மூன்றாம் நாள் அவரே எழுந்துவிட்டார். கைத்தடியை எடுத்துக்கொண்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று தெருவில் இறங்கினார். டாக்டர் சொல்லி, மகன் சொல்லி, நான் சொல்லி நடக்காதது, ஒரு நாய் ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதற்காக நடந்தது. எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நேரம் பார்ப்பதுதான் பெரிய பாடு. போடியில் விடிகிற நேரம் ஜீப்பின் நேரம். எஸ்டேட் வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும். குறுக்குவழி என்று சந்து பொந்தெல்லாம் நுழையும். தடுமாறி நடக்கிறவரையும் ரோட்டுக்குப் புதுசான நாயையும் அந்த நேரத்தில் அழைத்துக்கொண்டு போக முடியாது. சாயங்காலம் அதே ஜீப்புகள் திரும்பும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தார், பொழுது சாய்ந்த பிறகும் சூட்டை விடாது. ஆக, காலை ஜீப் ஓய்ந்து தார் சூடேறுவதற்குள் ஒரு முக்கால் மணி நேரம்தான் எங்களுக்கு. மார்கழியில் அது ஒன்பது மணிவரை நீளும். சித்திரையில் எட்டுக்கெல்லாம் கதவைச் சாத்திவிட வேண்டும்.

தார் சூடு பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு மூன்று வருடம் தீச்சட்டி எடுத்தவள் நான். சித்திரைத் திருவிழாவில், வெறுங்காலோடு, வேப்பிலைமேல் சட்டியை ஏந்திக்கொண்டு நடக்கும்போது கைச்சூடு அவ்வளவு தெரியாது. கால்தான் தெரியும். ரோட்டோரத்து வீட்டுக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அந்த ஈரம் தாண்டி அடுத்த ஈரம் வரும்வரை உயிர் உள்ளங்காலில் இருக்கும். காற்றில் 30 டிகிரி இருக்கும்போதே வெயில் நேராக விழுகிற தார் 50 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. செருப்புப் போட்டவருக்கு அது இதமான காலை வெயில்.

நாய் செருப்புப் போடுவதில்லை. அதோடு அதற்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். அதன் இயல்பான உடம்புச் சூடே 38-க்கு மேல், 39-ஐ ஒட்டி. போதாததற்கு, நாம் வெயிலை ஐந்தடி உயரத்தில் சுவாசிக்கிறோம், அது தாருக்கு ஒன்றரை அடி மேலே சுவாசிக்கிறது. கருவாவின் கால் வேறு, பிறந்ததிலிருந்து சருகு மெத்தையிலும் ஈர மண்ணிலும் ஓடிய கால். புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், தாங்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். எனக்கு முழங்கால் மடங்காது. அதனால் ரோட்டு முனையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பேன். பத்து எண்ணும்வரை நிற்க முடிந்தால் நடை. இல்லாவிட்டால் வாசல் வேப்பமரத்தைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு.

நடையில் நான் கவனித்த இன்னொன்று. என்னோடு நடந்தால் அவர் நிற்க மாட்டார். "செத்த நேரம் நில்லுங்க" என்றால் முறைப்பார், மூச்சு வாங்கினாலும் வீம்புக்கு நடப்பார். நாய் நின்றால் நிற்பார். அதுவோ ஒவ்வொரு கம்பத்திலும் நிற்கும். மோப்பம் பிடிக்கிற செல்கள் நமக்கு அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். நமக்கு வெறும் சிமென்ட் கம்பம், அதற்கு இன்றைய தினத்தந்தி. ராத்திரி யார் வந்தது, எந்தப் பக்கம் போனது, பழைய ஆளா புது ஆளா, எல்லாம் அதில் எழுதியிருக்கும்போல. சங்கிலியை இழுத்துக்கொண்டு வேகவேகமாக நாயை நடத்திப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் படிக்கிற பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவது மாதிரி தோன்றும். கருவா படித்து முடிக்கும்வரை இவர் தடியை ஊன்றி நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். பிசியோதெரபி பெண் சொன்ன இடைவெளி தானாக அமைந்துவிட்டது.

முதல் ஒரு மாதம் பேச்சே இல்லாத நடை. எனக்கும் அவரோடு ரோட்டில் நடந்து பழக்கமில்லை. எந்தப் பக்கம் நடப்பது என்றுகூடத் தெரியவில்லை. வலதுபக்கம் பலம் இல்லை என்பதால் அங்கே நான், இடதுபக்கம் தடி, முன்னால் நாய், சங்கிலி என் கையில். அந்தப் பழைய சங்கிலியை மாற்றி, மார்பைச் சுற்றிப் போடுகிற பெல்ட் வாங்கினேன். கழுத்தில் இழுத்தால் அது திமிறும், நான் தடுமாறினால் மூன்று பேரும் விழ வேண்டியதுதான். மூடிக்கிடக்கும் ஒரு அரிசி மில் வாசலில் மூன்று தெருநாய்கள். அவற்றைத் தாண்டும்போது மட்டும் நான் அவருடைய தடியைக் கடன் வாங்கிக்கொள்வேன். தட்டினாலே போதும், ஒதுங்கிவிடும். கருவாவுக்கு வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது, கேட்டால் காட்ட வேண்டுமே.

தை மாதம் என்று நினைக்கிறேன். முதல் கம்பத்தில் கருவா நின்றது. பின்னாலிருந்து ஒரு குரல்.

"லாபம்."

நான் வேறு யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கம்பத்துக்கு வந்ததும், "ரெண்டு." அதற்கடுத்து, "மூணு."

எங்கள் பக்கம் நெல் அளப்பவர்கள் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு லாபம் என்று சொல்லித்தான் போடுவார்கள். சாயங்காலம் பச்சைக்காய் எடை போடும்போது முதல் ஆளுடைய கூடைக்கு இவரும் அப்படித்தான் சொல்வார் என்று தோட்டத்துப் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 36 வருடம், தினமும் சாயங்காலம் சொன்னது. எண்களும் பாட்டும் சாமி பேரும் கெட்ட வார்த்தையும் மற்றப் பேச்சு மாதிரி இல்லையாம். ஒன்றை இழுத்தால் அடுத்தது தொடுத்த பூ மாதிரி தானாக வந்துவிடுமாம், பேச்சு போனவர்களுக்கும் அது மிஞ்சுவது உண்டாம். இதை மருத்துவர் பிற்பாடு விளக்கினார். அன்றைக்கு எனக்கு விளக்கம் எதுவும் தெரியாது. பதினோரு கம்பம்வரை எண்ணினார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனேன். நான் அழுததை அவர் பார்த்தாரா, தெரியாது. நாய் பார்த்தது.

அதிலிருந்து தார் சூட்டுக்கு எண்ணுகிற வேலையும் அவருடையதுதான். நான் வெறுங்காலோடு நிற்பேன், அவர் "லாபம்" என்று ஆரம்பிப்பார். சித்திரையில் ஒருநாள் ஏழிலேயே நான் காலை எடுத்துவிட்டேன். "போ, போ" என்று வீட்டைக் காட்டினார். அந்தப் "போ" புதுசு.

பெயர்ச்சொல்லில் முதலில் வந்தது என் பெயராக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. லாப்ரடார் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு கல்லூரிப் பையன், "தாத்தா, இது தெருநாயா?" என்று கேட்டுவிட்டான். இவர் முகம் சிவந்துவிட்டது. வாய் கோணியது. நான் பதில் சொல்லப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு நிமிடம் போராடி, "கோ... கோம்பை" என்றார். பையன் பயந்தே போனான்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. தேவாரம் வழியாகப் போனால் கோம்பை இங்கிருந்து அடுத்த ஊர் மாதிரி. காட்டுப்பன்றி விரட்டவும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி. 2005-ல் தபால்துறை நாலு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்கு இல்லை. 2020-ல் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது கோம்பையின் பெயரையும் சொன்னார். அன்றைக்குத் தோட்டத்திலிருந்து எனக்கு போன் போட்டு, "நம்ம பய பேரைச் சொல்லிட்டாங்க" என்று இவர் குதித்தது ஞாபகம் இருக்கிறது. அப்போது அது யாரோ ஒரு நாய் எனக்கு. அந்தப் பையன் இப்போது தூரத்தில் பார்த்தாலே, "தாத்தா, கோம்பை வருது!" என்று கத்துகிறான்.

என் பெயர் அதற்கப்புறம் பதினைந்து நாள் கழித்து வந்தது. சும்மா சொல்லக் கூடாது, சரியாகத்தான் சொன்னார்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கருவாவுக்குப் பன்னிரண்டு வயது. அந்த அளவு நாய்க்கு அது கிழப்பருவம். பின்னங்கால் இரண்டும் உட்கார்ந்து எழும்போது நடுங்குகிறது. கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. முன்னெல்லாம் இவரை அது இழுத்துக்கொண்டு போனது. இப்போது ஏழாவது கம்பத்தில், அந்த ஒற்றைப் புங்கைமர நிழலில், படுத்துவிடுகிறது. இவருக்கோ கால் நன்றாகத் தேறிவிட்டது. இருபது கம்பம் போகலாம், போக வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். சர்க்கரையும் ஏறி நிற்கிறது. இவர் ஏழோடு திரும்புகிறார்.

இதில் எங்களுக்குச் சண்டை. "அத நான் மரத்தடியில பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றால் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். ஒருநாள் கட்டாயப்படுத்தி அனுப்பினேன். அவர் பத்தாவது கம்பம் போவதற்குள் இது எழுந்து, நடுங்குகிற காலோடு பின்னாலேயே கிளம்பிவிட்டது. பெல்ட்டைப் பிடித்தால் முனகுகிறது. அவர் திரும்பி வந்துவிட்டார். "பாரு" என்றார் என்னைப் பார்த்து. ஒரே வார்த்தை. முழு வாக்கியம் பேசுகிற காலத்திலும் இந்த மனுஷனிடம் நான் ஜெயித்ததில்லை.

நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று மகன் யோசனை சொன்னான். காலையில் அவர் செருப்பு பெல்ட்டை மாட்டுகிற சத்தம் கேட்டாலே இது வாசலில் நிற்கிறது. அதைத் தாண்டி எப்படிப் போவது?

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். ஜீப் ஓய்ந்ததும் மூன்று பேரும் கிளம்பி, ஏழு கம்பம், புங்கைமரம், திரும்ப வீடு. கருவாவின் நாலு பாதத்தையும் ஈரத்துணியால் துடைத்து, விரல் இடுக்கில் கல், உண்ணி பார்த்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, கிண்ணத்தில் தண்ணீர் வைப்பேன். குடித்துவிட்டு அது மாடிப்படிக்குக் கீழே, அவருடைய பழைய நாற்காலி இடத்தில், மலையைப் பார்த்துப் படுக்கும். அது கண்ணை மூடினதும் நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகத் திருட்டுத்தனமாகக் கிளம்புகிறோம். அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. செருப்புப் போட்டவர்களுக்குப் பரவாயில்லை. குடை கொண்டுபோகிறேன், அவர் அதற்குள் வரமாட்டார்.

இந்த இரண்டாவது நடையிலும் எண்ணுகிறார். கம்பத்துக்குக் கம்பம் பழக்க தோஷத்தில் நின்று, யாரும் மோந்து பார்க்காத கம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை, நானும் நிற்கிறேன். நேற்று பதினெட்டுவரை போனோம். திரும்பி வரும்போது பின்கதவுக்கு அந்தப் பக்கம் குரைத்துக்கொண்டு நின்றது.

"மாட்டிக்கிட்டோம்" என்றார்.